புள்ளிகளின் அளவும் ஒப்பீட்டின் அடிப்படையும்: பல வரைபுகளை ஒருங்கே நோக்குதல் பற்றிச் சில குறிப்புகள்

அண்மைக் காலத்தில் எமது பல்கலைக்கழகங்களிலிருந்து வெளிவரும் ஆய்வுக் கட்டுரைகளிற் புள்ளிவிபர வரைபுகள் பெருகி வருகின்றன. புவியியல், பொருளியல், சமூகவியல் ஆகிய துறைகளுக்கு இவை புதியன அல்ல. ஆயின் இலக்கிய ஆய்வும் இப்பொழுது இவற்றை நாடத் தொடங்கியுள்ளது. நாவல்கள் வெளிவந்த ஊர்களையும் ஆண்டுகளையும் எண்ணித் தேசப்படங்களாகவும் வரைபுகளாகவும் தரும் முறையைப் பிராங்கோ மொரெற்றி தமது ஐரோப்பிய நாவல் பற்றிய தேசப்படத் தொகுதியிலும் (1998), பின்னர் வரைபுகள், தேசப்படங்கள், மரங்கள் பற்றிய சிறு நூலிலும் (2005) எடுத்துக்காட்டியதன் பின்னர் இம்முறை பல மொழிகளிலும் பரவியது. இம்முயற்சியை நாம் வரவேற்கிறோம். தனிப் படைப்பின் நயம் கூறுவதோடு நின்றுவிடாது, அச்சகம், வாசகர், சந்தை என்னும் பொருளியல் அடித்தளத்தை எண்ணிக்கையாகவேனும் காண முற்படுவது நல்லதொரு மாற்றமே. ஆனால் எண்ணுதல் வேறு, எண்ணியதை வரைதல் வேறு. வரைதலிற் கையாளப்படும் ஒரு சிறு விடயம், அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட வரைபுகளிற் புள்ளிகளின் அளவை ஒரே சீராக வைத்திருத்தல், போதிய கவனத்தைப் பெறவில்லை. அது பற்றியே இங்கு நோக்க விரும்புகிறோம்.

விடயத்தை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். ஒரு வரைபிற் புள்ளியொன்று இருக்கும் இடம் இரண்டு செய்திகளைத் தரும்: கிடை அச்சில் ஒன்று, நிலைக்குத்து அச்சில் ஒன்று. தேசப்படமாயின் இடமே செய்தி. மூன்றாவது ஒரு தொகையையும் அதே தாளிற் காட்ட வேண்டுமாயின் புள்ளியைப் பெரிதாகவோ சிறிதாகவோ வரைகிறோம். அவ்வாறு வரையப்பட்ட புள்ளி வட்டமாகிவிடுகிறது. பெரிய வட்டம் பெரிய தொகையைக் குறிக்கும். இதுவரை சிக்கல் எதுவுமில்லை. ஒரே விதமான இரண்டு வரைபுகளை அருகருகே வைத்து ஒப்பிடுமாறு வாசகரைக் கேட்கும்போதே சிக்கல் தொடங்குகிறது. முதல் வரைபிலுள்ள பெரிய வட்டமும் இரண்டாவது வரைபிலுள்ள பெரிய வட்டமும் ஒரே அளவின எனில், வாசகர் அவ்விரு தொகைகளும் சமம் என்றே கொள்வார். அவ்வாறு கொள்வதற்கு அவருக்கு முழு உரிமையும் உண்டு. வரைந்தவரோ இரண்டு வரைபுகளுக்கும் இரு வேறு அளவுகோல்களைப் பயன்படுத்தியிருக்கக்கூடும்.

எமது நாட்டுத் தொகைகளைக் கொண்டே இதனைப் பார்ப்போம். 2012ஆம் ஆண்டுக் குடிசனத் தொகைமதிப்பின்படி கொழும்பு மாவட்டத்தில் 2,324,349 பேரும், கம்பஹாவில் 2,304,833 பேரும், களுத்துறையில் 1,221,948 பேரும் வாழ்ந்தனர். இம்மூன்றும் மேல் மாகாணம். வட மாகாணத்தில் யாழ்ப்பாணம் 583,882, வவுனியா 172,115, கிளிநொச்சி 113,510, மன்னார் 99,570, முல்லைத்தீவு 92,238. இரு மாகாணங்களுக்கும் இரு தேசப்படங்கள் வரைகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு வட்டம். ஒவ்வொரு படத்திலும் மிகப் பெரிய மாவட்டத்துக்கு 10 மில்லிமீற்றர் ஆரையுடைய வட்டத்தை வழங்கி, ஏனையவற்றை அதற்கேற்பக் குறைத்துக்கொண்டு செல்கிறோம். மேல் மாகாணப் படத்திற் கொழும்பு 10 மில்லிமீற்றர். வட மாகாணப் படத்தில் யாழ்ப்பாணமும் 10 மில்லிமீற்றர். முல்லைத்தீவு ஏறத்தாழ 4 மில்லிமீற்றர். ஒவ்வொரு படமும் தன்னளவிற் பிழையற்றது. இரண்டையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டவுடன் யாழ்ப்பாணம் கொழும்புக்கு இணையான சனத்தொகை உடையதென்ற பொய் பிறந்துவிடுகிறது. இதனை எவரும் எழுதவில்லை, எழுதப்படாமலே கூறப்பட்டுவிட்டது.

ஒரே அளவுகோலை இரு படங்களுக்கும் கொள்ளின் நிலைமை என்ன? கொழும்பின் சனத்தொகை யாழ்ப்பாணத்தினதைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. முல்லைத்தீவினதைப் போல் இருபத்தைந்து மடங்கு. வட்டத்தின் பரப்பே தொகைக்கு விகிதசமனாக இருத்தல் வேண்டும் என்பதால், ஆரை தொகையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அமையும். நான்கின் வர்க்கமூலம் இரண்டு, இருபத்தைந்தினது ஐந்து. ஆகவே கொழும்பு 10 மில்லிமீற்றர் எனின் யாழ்ப்பாணம் 5, முல்லைத்தீவு 2. இத்துணை ஒழுங்காக எண்கள் அமைவது அரிது. மாணவர்க்குக் கற்பிப்பதற்கு இதனினும் சிறந்த உதாரணத்தை நாம் கண்டதில்லை. ஓர் அடிமட்டத்தையும் கவராயத்தையும் கொண்டு எவரும் தாளில் வரைந்து பார்க்கலாம்.

பரப்புக்குப் பதிலாக ஆரையையே தொகைக்கு விகிதசமனாக்கிவிடும் வழக்கமும் உண்டு. அவ்வாறு செய்யின் யாழ்ப்பாணம் இரண்டரை மில்லிமீற்றராகச் சுருங்கி, அதன் பரப்புக் கொழும்பினதில் பதினாறில் ஒரு பங்காகிவிடும். நான்கு மடங்கு வேறுபாடு கண்ணுக்குப் பதினாறு மடங்காகத் தோன்றும். முன்னைய முறை சமனற்றதைச் சமனாக்கியது. இது சமனின்மையை ஊதிப் பெருக்குகிறது. இரண்டுக்கும் மூலம் ஒன்றே: எந்த அளவு எதனைக் குறிக்கிறது என்பதை முன்கூட்டியே தீர்மானியாமை.

இன்று வரைபுகளைக் கையால் வரைவார் மிகச் சிலர். கணினியே வரைகிறது. ஆகவே கணினி இவ்விடயத்தை எவ்வாறு கையாளுகிறது என்பதை அறிவது இன்றியமையாதது. ஆர் என்னும் கணிப்பு மொழியிற் பெரிதும் வழங்கும் ஜிஜிபிளொட்2 என்ற தொகுதியை எடுத்துக்கொள்வோம். புள்ளியின் அளவைத் தொகையோடு இணைக்குமாறு பணித்தால், வேறு எதுவும் கூறாதவிடத்து, அது தரப்பட்ட தரவிலுள்ள மிகச் சிறிய தொகைக்கு 1 என்ற அளவையும் மிகப் பெரிய தொகைக்கு 6 என்ற அளவையும் வழங்கும். இடைப்பட்டவை இடையில் அமையும். இவ்விரு எல்லைகளும் அந்தந்தத் தரவிலிருந்தே பெறப்படுகின்றன என்பதே கவனிக்கற்பாலது. மேலே கூறிய இரு மாகாணங்களையும் தனித்தனி வரைபுகளாக இத்தொகுதியிடம் கொடுத்தாற் கிடைப்பது விசித்திரமானது. கொழும்பும் யாழ்ப்பாணமும் 6. அது நாம் முன்னரே கண்ட பிழை. களுத்துறையும் முல்லைத்தீவும் 1. பன்னிரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட மாவட்டமும் ஒரு லட்சத்துக்குக் குறைந்த மக்களைக் கொண்ட மாவட்டமும் ஒரே சிறு புள்ளியாகிவிடுகின்றன. மேலும், ஆறுக்கு ஒன்று என்ற விட்ட வேறுபாடு பரப்பில் முப்பத்தாறு மடங்கு. கொழும்புக்கும் களுத்துறைக்கும் உள்ள உண்மையான வேறுபாடோ இரண்டு மடங்கிற்கும் சற்றுக் குறைவு. ஆக, ஒரு படத்தினுள்ளேயே விகிதம் குலைந்துவிடுகிறது. இரு படங்களுக்கிடையே ஒப்பீடு முற்றாகப் பொருளிழந்து போகிறது.

இதற்கு மாற்றுக் கடினமானதன்று. பரப்பைப் பூச்சியத்திலிருந்து தொடங்கும் அளவுத்திட்டம் ஒன்று அதே தொகுதியில் உண்டு. அதனைத் தெரிவு செய்து, கீழெல்லை பூச்சியம், மேலெல்லை எல்லா வரைபுகளிலும் உள்ள மிகப் பெரிய தொகை என்று நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். அல்லது எல்லாத் தரவையும் ஒரே அட்டவணையாகச் சேர்த்து, ஒரே கட்டளையால், சட்டகம் சட்டகமாகப் பிரித்து வரையச் செய்யலாம். அவ்வாறு செய்யின் எல்லாச் சட்டகங்களுக்கும் அளவுத்திட்டம் ஒன்றே. பின்னைய முறையையே நாம் பெரிதும் விரும்புகிறோம். ஏனெனில், தனித்தனியே வரைபவர் ஒரு வரைபில் மேலெல்லையை மாற்றிவிட்டு மற்றதில் மறந்துவிடுவது எளிது. எல்லையை நாமே வகுக்கும்போது இன்னொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். வகுத்த எல்லைக்கு வெளியே ஒரு தொகை விழுமாயின் இத்தொகுதி அப்புள்ளியை வரையாது விட்டுவிடும். எச்சரிக்கை வரியொன்று திரையில் தோன்றும். அவ்வரியை வாசிப்பவர் ஆய்வாளர் மாத்திரமே. அச்சிடப்பட்ட பக்கத்தில் அதற்குத் தடயம் இராது.

பைத்தன் மொழியில் வழங்கும் மட்பிளொட்லிப் தொகுதியின் இயல்பு வேறு. அது தானாக எதையும் நீட்டிச் சுருக்குவதில்லை. புள்ளியின் பரப்பை அச்சுத்தொழிலில் வழங்கும் புள்ளி அலகின் வர்க்கத்தில், அதாவது அங்குலத்தின் எழுபத்திரண்டிலொரு பங்கினது வர்க்கத்தில், நாமே கொடுக்க வேண்டும். கொடுத்ததை அப்படியே வரையும். இது ஒழுங்கான முறைதான். ஆயின் பெரும்பாலோர் தொகைகளை அந்தந்தத் தரவின் உச்சத்தொகையால் வகுத்தே அதனிடம் கொடுக்கின்றனர். கருவி செய்யாத பிழையைக் கை செய்துவிடுகிறது.

கணினியிற் சரியாக அமைந்த அளவும் அச்சகத்திற் பிறழலாம். ஒரு வரைபு பக்கம் முழுவதும், மற்றது அரைப்பக்கம் எனப் பக்க அமைப்பாளர் வைத்துவிட்டால், சுருங்கிய படத்திற் புள்ளிகளும் சுருங்கிவிடும். ஒப்பிடப்படும் வரைபுகள் ஒரே நீள அகலத்தில் உருவாக்கப்பட்டு ஒரே விகிதத்திற் பெருக்கப்படவோ குறைக்கப்படவோ வேண்டும். சஞ்சிகை ஆசிரியர்கள் இதனைக் கட்டுரையாளரின் பொறுப்பு என்பர். கட்டுரையாளர் அச்சகத்தின் பொறுப்பு என்பர்.

இங்கு நாம் ஒரு கேள்வியை எழுப்ப வேண்டியுள்ளது. ஒவ்வொரு வரைபும் தன் உச்சத்தைத் தானே அளவாகக் கொள்ளும் இவ்வேற்பாடு எவ்வாறு முன்னமைவாயிற்று? வரைபைத் தனிப் பொருளாக நோக்கும் பார்வையே இதற்குக் காரணம் என்று கருதுகிறோம். தனி வரைபு ஒன்று அழகாக, நிரம்பியதாக, அதன் உள்வேறுபாடுகள் நன்கு தெரிவதாக அமைய வேண்டும் என்ற நோக்கிற்கு இம்முன்னமைவு உகந்தது. இரு வரைபுகளுக்கு இடையிலுள்ள உறவு அங்கு கருத்திற் கொள்ளப்படுவதில்லை. முன்னமைவு என்பது யாரோ ஒருவர் எப்பொழுதோ எடுத்த தீர்மானம் உறைந்துபோன வடிவம். மார்க்ஸ் இயந்திரத்தை இறந்த உழைப்பு என்று வருணித்தது இங்கும் பொருந்தும்: அத்தீர்மானத்தை எடுத்த மனிதர் மறைந்துவிட, கருவியின் இயல்பே அதுவென்று தோன்றத் தொடங்குகிறது. பொருள்களுக்கிடையிலான உறவாக மனித உறவு தோன்றுவதைப் போலவே, எவரும் தெரிவு செய்யாததொன்றாக ஒரு தெரிவு தோன்றுகிறது.

இத்தீர்மானத்தை வெளிப்படையாக, கூட்டாக, அரசியல் உணர்வுடன் எடுத்த ஓர் அணி வரலாற்றில் உண்டு. முதலாம் உலகப் போரின் பின்னர் 1919 முதல் 1934 வரை சமூக சனநாயகவாதிகள் வியன்னா நகர நிருவாகத்தை நடத்தினர். தொழிலாளர்க்கான பெரும் குடியிருப்புகள் எழுந்த காலம் அது. அந்நகரில் 1925இல் ஒற்றோ நொய்ராத் சமூக, பொருளாதார நூதனசாலையை நிறுவினார். வீடமைப்பு, சிசு மரணம், வேலையின்மை, உலக உற்பத்தி ஆகியன பற்றிய தொகைகளை உயர்கல்வி பெறாத தொழிலாளி ஒருவர் ஒரு பார்வையில் விளங்கிக்கொள்ளுமாறு காட்டுவதே அதன் பணி. நொய்ராத் வியன்னா வட்டத்து மெய்யியலாளருள் ஒருவர் என்பதால் எம்மிற் சிலர் அவரைப் புலனறிவாதி என ஒதுக்கிவிடுவதுண்டு. மாஹ்வின் வழிவந்தோர் மீது லெனின் 1909இல் தொடுத்த விமர்சனத்தின் தொடர்ச்சியாக அவ்வொதுக்கல் நிகழ்கிறது. மெய்யியல் விவாதம் எவ்வாறாயினும், நூதனசாலைச் சுவரில் அவர் செய்த வேலை தனியே மதிப்பிடப்பட வேண்டியது.

அதற்கு முன்னர் வட்டங்களையும் சதுரங்களையும், சில வேளைகளில் மனித உருவங்களையும், தொகைக்கேற்பப் பெருக்கி வரைவதே வழக்காக இருந்தது. வட்டத்தின் பரப்பால் தொகையைக் காட்டும் முறையை ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேபெயர் 1801இல் ஐரோப்பிய நாடுகளின் நிலப்பரப்பை ஒப்பிடும் பொருட்டுக் கையாண்டார். அவர் எல்லா நாடுகளையும் ஒரே தகட்டில் ஒரே அளவுகோலில் வரைந்தார் என்பதை மறத்தலாகாது. பின்வந்தோர் உருவங்களைப் பெருக்கத் தொடங்கியபோது உயரத்தோடு அகலமும் வளர்ந்தது. இரு மடங்கு தொகை நான்கு மடங்கு பரப்பாயிற்று. நொய்ராத்தின் விடை எளிமையானது. குறியைப் பெருக்காதே; குறிகளின் எண்ணிக்கையைப் பெருக்கு. எல்லாக் குறிகளும் ஒரே அளவு. ஒரு குறி இத்தனை பேர் என்று முதலிலேயே கூறிவிட வேண்டும். பின்னர் வாசகர் எண்ணினாற் போதும், மதிப்பிட வேண்டியதில்லை. புள்ளியின் அளவு மாறக்கூடாதென்ற விதி இங்கே உச்ச நிலையை அடைகிறது எனலாம்: அளவு மாறவே மாறாது.

இவ்வணியின் வேலைப்பிரிவினையும் எமது கவனத்துக்குரியது. புள்ளிவிபரவியலாளர் தொகைகளைத் திரட்டினர். இடதுசாரி மரச்செதுக்கோவியரான கேர்ட் ஆர்ன்ற்ஸ் குறிகளைச் செதுக்கினார். இவ்விரு சாராருக்கும் இடையே நின்று, எந்தத் தொகையை எதனோடு ஒப்பிட வேண்டும், ஒரு குறி எத்தனையைக் குறிக்க வேண்டும் என்பனவற்றைத் தீர்மானித்த தனிப் பணியொன்று இருந்தது. உருமாற்றுநர் என்று அப்பணியாளர் அழைக்கப்பட்டனர். மரீ ரைடமைஸ்ரர், பின்னாளில் மரீ நொய்ராத், இப்பணியின் முதன்மையாளர். இன்று கணினித் தொகுதி ஒன்றின் முன்னமைவு பறித்துக்கொண்டிருப்பது இந்த உருமாற்றுநரின் இடத்தையே. 1930இல் அவ்வணி நூறு தாள்கள் கொண்ட படத்தொகுதி ஒன்றை வெளியிட்டது. 1931இல் மொஸ்கோவில் இம்முறையைப் பயிற்றும் நிலையம் அமைந்தது. அங்கு இக்குறிகள் ஐந்தாண்டுத் திட்ட இலக்குகளைப் பிரசாரம் செய்யவே பெரிதும் பயன்பட்டன. நேர்மையான அளவுகோலும் யாருக்காக, எதனை எண்ணுகிறது என்ற கேள்வியிலிருந்து தப்பிவிடுவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று. 1934இல் வியன்னாவின் தொழிலாளர் எழுச்சி நசுக்கப்பட்டபின் நொய்ராத் குழுவினர் ஒல்லாந்துக்கும், 1940இல் நொய்ராத்தும் மரீயும் இங்கிலாந்துக்கும் தப்பிச் சென்றனர்.

பொது அளவுகோலுக்கு எதிராக எழுப்பப்படும் மறுப்புரை ஒன்று உண்டு. அது புறக்கணிக்கத் தக்கதன்று. கொழும்பை அளவாகக் கொண்டால் முல்லைத்தீவு, மன்னார், கிளிநொச்சி ஆகிய மூன்றும் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் ஆரையுடைய பொட்டுகளாகிவிடும். அவற்றுக்கிடையிலான வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. பெரியதன் அளவுகோலால் சிறியதை அளப்பதே ஆதிக்கத்தின் வழி அல்லவா என்று கேட்கப்படலாம். கேள்வி நியாயமானது. ஆயின் விடை, என்ன வினாவுக்கு விடை தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது. வட மாகாணத்தின் உள்வேறுபாடே எமது பொருளாயின் அம்மாகாணத்துக்கென ஓர் அளவுகோல் வகுப்பது தவறன்று. லெனின் 1899இல் வெளியிட்ட ரஷ்யாவில் முதலாளித்துவத்தின் வளர்ச்சி பற்றிய நூலில் இத்தகைய ஒரு சிக்கலை எதிர்கொண்டார். கிராமியச் சபைகளின் புள்ளிவிபரவியலாளர்கள் இடத்துக்கிடம் வேறுபட்ட அடிப்படைகளில் விவசாயக் குடும்பங்களை வகைப்படுத்தியிருந்தனர். ஓரிடத்தில் விதைத்த நிலம், இன்னோரிடத்தில் உழவு விலங்குகள். அவற்றை அப்படியே ஒப்பிட இயலாது. சராசரி கண்டாலோ பணக்கார விவசாயியும் ஏழை விவசாயியும் ஒன்றாகிவிடுவர். எனவே அவர் ஒவ்வொரு பிரதேசத்திலும் வசதிபடைத்த நூற்றுக்கு 20 வீதத்தினரையும் வறிய நூற்றுக்கு 50 வீதத்தினரையும் எடுத்து, நிலத்திலும் கால்நடையிலும் அவர்களது பங்கினைக் கணித்தார். ஒவ்வொரு பிரதேசமும் நூறாகக் கொள்ளப்பட்டது. அது அப்பிரதேசத்தின் சொந்த அளவுகோலே. எனினும் எல்லாப் பிரதேசங்களுக்கும் அதே விதி. விதி வாசகருக்குச் சொல்லப்பட்டது. விவசாயிகளிடையே நிகழ்ந்த வர்க்கப் பிளவு என்ற வினாவுக்கு அதுவே பொருத்தமான விதி. எவரும் கேளாமலே கணினி வகுக்கும் உச்ச அளவுக்கும் இதற்குமுள்ள தொலைவு பெரிது.

நடைமுறையில் நாம் பரிந்துரைப்பது இதுவே. தனி அளவுகோல் தேவையாயின் வட்டத்தின் நிறத்தையோ வடிவத்தையோ மாற்றி, அது வேறு அளவென்று முதற் பார்வையிலேயே உணர்த்த வேண்டும். குறிவிளக்கத்தில் இரண்டு மூன்று வட்டங்களைத் தொகையோடு அச்சிட வேண்டும். பொது அளவுகோலாயின் எல்லா வரைபுகளுக்கும் ஒரே குறிவிளக்கம் போதும். அது ஒன்றாக இருப்பதே வாசகருக்கு அத்தாட்சி. முகத்தலையங்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டு வட்டங்களை விருப்பம்போல் வரைவது போதாது. கண் முதலில் வட்டத்தைப் பார்க்கிறது, பின்னரே வரியை வாசிக்கிறது.

கண்ணின் இயல்பு பற்றியும் ஒரு குறிப்பு. பொது அச்சொன்றில் அமைந்த இடத்தை மதிப்பிடுவதில் மனிதர் திறமையுடையர். பரப்பை மதிப்பிடுவதில் அத்துணைத் திறமையற்றவர் என்பதைக் கிளீவ்லன்ட், மக்கில் ஆகியோர் 1984இற் பரிசோதனை மூலம் காட்டினர். பெரிய வட்டங்களை நாம் சற்றுக் குறைத்தே மதிப்பிடுகிறோம். இதனை ஈடுசெய்யும் பொருட்டுத் தேசப்பட வரைஞர் சிலர் பெரிய வட்டங்களை விகிதத்துக்கு மேலாகப் பருக்க வைப்பதுண்டு. அதனை நாம் ஏற்பதற்கில்லை. வாசகர் அடிமட்டத்தை வைத்து அளந்து பார்த்தால் விடை சரியாக வருதல் வேண்டும். கண்ணுக்கு உதவி தேவையாயின் வட்டத்தினருகே எண்ணை எழுதலாம்.

எமது இலக்கிய ஆய்வுக்குத் திரும்புவோம். ஈழத்துத் தமிழ் நாவல் வெளியீட்டைப் பத்தாண்டுகளாகப் பிரித்து, ஊர்களை வட்டங்களாகக் காட்டும் தேசப்பட வரிசை ஒன்றை ஆய்வாளர் ஒருவர் வரைகிறார் என்று கொள்வோம். சித்திலெவ்வையின் அசன்பேயுடைய கதை 1885இலும், இன்னாசித்தம்பியின் ஊசோன்பாலந்தை கதை 1891இலும், சரவணமுத்துப்பிள்ளையின் மோகனாங்கி 1895இலும் வெளிவந்தன. அத்தொடக்க காலச் சட்டகங்களில் ஓர் ஊருக்கு ஒரு நூலே உச்சம். சட்டகத்துக்குச் சட்டகம் உச்சத்தை மாற்றின், ஒரு நூலுக்குரிய அவ்வட்டம், பல நூல்கள் வெளிவந்த பிற்காலப் பத்தாண்டொன்றின் உச்ச வட்டத்தோடு சமமாகப் பருத்து நிற்கும். வாசகர் விரிவு, பாடசாலைக் கல்வியின் பரவல், பத்திரிகைகளின் எழுச்சி ஆகிய சமூக மாற்றங்கள் எவையும் அவ்வரிசையில் நிகழ்ந்திருக்கமாட்டா. நாவல் தோன்றிய நாள்தொட்டு ஒரே நிலையில் இருந்ததென்ற கருத்துநிலையே எஞ்சும். வரலாற்றை மறுக்கும் வாதத்துக்கு இதனினும் வசதியான படம் வேண்டியதில்லை.

காலவரிசையில் இப்பிழையின் விளைவு இன்னும் கடுமையாகும் இடமொன்று உண்டு. 1981ஆம் ஆண்டுத் தொகைமதிப்பில் யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை 830,552. அன்றைய மாவட்டம் 1984இல் தனியாகப் பிரிக்கப்பட்ட கிளிநொச்சியையும் உள்ளடக்கியது. ஆகவே 2012இல் இரு மாவட்டங்களையும் கூட்டியே ஒப்பிட வேண்டும்: 697,392. முப்பத்தொரு ஆண்டுகளில் நாட்டின் மொத்தச் சனத்தொகை ஏறத்தாழ 1 கோடியே 48 லட்சத்திலிருந்து 2 கோடியே 3 லட்சமாக உயர, இந்நிலப்பகுதியில் 133,160 பேர் குறைந்தனர். இறந்தோரும், இடம்பெயர்ந்தோரும், கடல் கடந்தோரும், பிறவாது போனோருமாக இத்தொகையின் பின்னால் உள்ளவை பல. இரண்டு ஆண்டுகளுக்கும் இரு வட மாகாணப் படங்களைத் தனித்தனி உச்சத்துடன் வரைந்தால், இரண்டிலும் இதுவே மிகப் பெரிய வட்டம். இரண்டிலும் 10 மில்லிமீற்றர். எதுவுமே நிகழவில்லை. 2012ஆம் ஆண்டுக் கொழும்பை 10 மில்லிமீற்றராகக் கொண்ட பொது அளவுகோலில், 1981க்குரிய வட்டம் 6 மில்லிமீற்றர், 2012க்குரியது ஐந்தரை. அரை மில்லிமீற்றர் வேறுபாடு கண்ணுக்குப் பெரிதன்று. அதனாலேயே எண்ணை அருகில் எழுதுதல் கட்டாயமாகிறது. ஆயினும் அது அங்கே உண்டு, அளந்து பார்க்கலாம்.

அவ்விரு படங்களுக்கிடையே வைக்க வேண்டிய சட்டகங்கள் இரண்டு. 1991இல் நாட்டின் நிலைமை காரணமாகத் தொகைமதிப்பு நடைபெறவே இல்லை. 2001இற் பதினெட்டு மாவட்டங்களிலேயே அது முழுமையாக நடைபெற்றது. வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களும், மட்டக்களப்பும் திருகோணமலையும் முழுமையாக எண்ணப்படாதவை. தரவு இல்லாத இடத்திற் கணினி புள்ளியை நீக்கிவிடும்; தரவற்ற ஆண்டுக்குச் சட்டகமே அமைக்காது. அதன்பின் 1981உம் 2012உம் அடுத்தடுத்த ஆண்டுகள்போல் ஒட்டி நிற்கும். எண்ணப்படாத மாவட்டத்துக்குப் பூச்சிய அளவுடைய புள்ளி வைப்பதும் தவறு. அங்கு மக்கள் இருந்தனர். அயலாண்டுகளைக் கொண்டு இடைக்கணித்து வட்டம் வரைவதும் எண்ணப்பட்டதையும் ஊகிக்கப்பட்டதையும் ஒன்றாக்கிவிடும். நாம் கைக்கொள்வது வேறு. 1991க்கும் 2001க்கும் ஏனையவற்றின் அதே நீள அகலத்திற் சட்டகங்களை வைத்து, எல்லைக்கோடுகளை வரைந்து, எண்ணப்படாத மாவட்டங்களின் பெயரை மாத்திரம் அந்தந்த இடத்தில் எழுதி, வட்டமின்றி விடுகிறோம்.